ஃபிட்டர் பெரியமுத்துவும் ரெண்டு புள்ளத்தாச்சிகளும்

பெரியமுத்துவ நெனச்சா எனக்கு இன்னைக்கும் மொதல்ல கோவந்தான் வரும். அதுக்குப் பொறவுதான் சிரிப்பு வரும். மனுசன் நல்லவன்தான், அத யாரும் இல்லேங்கல. ஆனா நல்லவன் ஒருத்தன் கையில ஒரு முழ நீளத்துக்கு ஸ்குரூடிரைவரக் குடுத்து, நீ சொன்னா சொன்னதுதான்னு ஊரே தலையில தூக்கி வச்சு ஆடினா என்ன ஆகும்? அதத்தான் சொல்லப்போறேன்.

நான் மதலேனம்மாள். சொந்த ஊரு வடக்கன்குளம். பள்ளிவாசல்னு ஒரு மலையூரு, அதுக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட்டு டிஸ்பென்சரியில இருபத்தாறு வருசம் நர்ஸா இருந்தேன். காய்ச்சலுக்கு மாத்திர குடுக்கறது, அட்டை கடிச்ச காலுக்கு மருந்து போடறது, பிரசவம் பாக்கறது எல்லாம் நாந்தான். டாக்டர் புதன்கெழம மட்டும் வருவாரு. மத்த ஆறு நாளும் என் ராச்சியம். கோவக்காரின்னு எனக்கு ஒரு பேரு உண்டு, அது சும்மா வந்த பேரு இல்ல.

பெரியமுத்து எஸ்டேட் பாக்டரியில ஃபிட்டர். கொழுந்த உருட்டுற ரோலரு, காய வைக்கிற டிரையரு எல்லாம் அவன் பொறுப்பு. ஓடுற மிசின்ல ஸ்குரூடிரைவர் முனைய வச்சு, மரக்கைப்பிடியத் தன் காதுல அண்டக் குடுத்து, கண்ண மூடிக்கிட்டு நிப்பான். பாக்டரிய நடத்துற டீமேக்கரே பக்கத்துல கைகட்டி நிப்பாரு. கொஞ்ச நேரங்கழிச்சுக் கண்ணத் தொறந்து, "ரெண்டாம் நம்பர் ரோலர்ல பேரிங் போச்சு சார். வியாழக்கிழமை தாங்காது"ம்பான். சொல்லி வச்சாப்ல வியாழக்கிழமை அது கடகடன்னு ஒடஞ்சு நிக்கும். மூணு தடவ இப்படி நடந்துச்சு. மூணாந்தடவைக்குப் பொறவு அவன் நடையே மாறிப்போச்சு.

அதோட நின்னானா? பலாப்பழத்துல வச்சுக் கேட்டான். அடைகாக்குற கோழிய எழுப்பி விட்டுட்டு முட்டையில வச்சுக் கேட்டான், அந்தக் கோழி அவன் மூஞ்சியில கொத்துச்சு. ஜீப்பு டிரைவர் சூசையப்பன் வயித்துல வச்சுக் கேட்டுட்டு, "அண்ணாச்சி, ஒமக்கு உள்ளாற வால்வு லீக்கு"ன்னு சொல்லிட்டான். சூசையப்பன் பயந்து போயி பைபிளும் கையுமா டிஸ்பென்சரிக்கு வந்து படுத்துட்டாரு. மத்தியானம் என்னய்யா சாப்பிட்டீருன்னு கேட்டேன். கப்பக்கெழங்காம், ரெண்டு கிலோவாம். ஒரு டம்ளர் ஓமத்தண்ணி குடுத்து அனுப்பிச்சேன். லீக்கு தானா அடைஞ்சு போச்சு.

எழுவத்தி நாலாம் வருசம் அவன் பொண்டாட்டி பூமாரி உண்டானா. கல்யாணம் ஆகி ஆறு வருசங் கழிச்சு வந்த புள்ள. அதே சமயத்துல அவன் கூடப்பொறந்த தங்கச்சி அழகுத்தாயும் உண்டானா. அவ புருசன் குருசாமி கவாத்து வெட்டுற ஆளு, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமோன்னு பேசாம இருக்கிறவன். ரெண்டு குடும்பமும் ஒரே லயத்துல, அதான் எஸ்டேட்டு வரிசை வீட்டுல, அடுத்தடுத்த வீடு.

அஞ்சாம் மாசத்துல ஒரு நாளு பெரியமுத்து டிஸ்பென்சரிக்குள்ள விழுந்தடிச்சு ஓடி வாரான். பின்னாடியே பூமாரி, மூக்கு மேல கோவத்தோட.

"நர்ஸம்மா, இவளுக்கு நெஞ்சுல சத்தம் கேக்கு. டப்பு டப்புன்னு அடிக்குது, அதுக்கு நடுவுல உஸ்ஸு உஸ்ஸுன்னு எரையுது. பேரிங் தேஞ்சு போச்சு நர்ஸம்மா!"

"நெஞ்சுலயும் அதக் கொண்டு போயி வச்சியாலே?"

"தூங்கிக்கிட்டு இருக்கயில வச்சேன்."

"கண்ண முழிச்சுப் பாத்தா குத்த வாராப்ல குனிஞ்சு நிக்காரு நர்ஸம்மா"ன்னா பூமாரி. "நான் போட்ட சத்தத்துல லயமே முழிச்சிருச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. மேட்டுல ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்கும். சாயங்காலம் பாதம் வீங்கும், விடிஞ்சா வத்திரும். நெஞ்சு அப்பப்ப படபடங்கும். வேற ஒண்ணும் இல்ல."

நான் நாடி புடிச்சுப் பாத்தேன். கொஞ்சம் வேகம், ஆனா ஒழுங்கா ஓடுது. மொகத்துல நல்ல களை. "இங்க பாரு பெரியமுத்து, வயித்துல ஒண்ணு வளந்தா ஒடம்புல ரத்தம் கூடும். இருதயம் ரெண்டு பேருக்குச் சேத்து வேல செய்யணும். மூச்சு வாங்கத்தான் செய்யும், படபடக்கத்தான் செய்யும். இதெல்லாம் புள்ள செய்யுற வேல. போயி ரோலரப் பாரு"ன்னு வெரட்டி விட்டேன்.

புள்ள செய்யுற வேல. அத நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். வாந்தியா, புள்ள செய்யுற வேல. இடுப்பு வலியா, புள்ள செய்யுற வேல. அந்த வாரமே அழகுத்தாயும் வந்தா. முப்பது பேரு வரிசையில நிக்காக. "நர்ஸம்மா, மூச்சு ரொம்ப வாங்குது"ன்னா. அவ அண்ணன் கெடுத்த மூடு எனக்கு அப்பவும் தீரல. "ஒங்க குடும்பத்துக்கே மூச்சுதான் வியாதியா? எல்லாருக்கும் வாங்கும். புள்ள செய்யுற வேல, போ"ன்னு ரெண்டு இரும்புச்சத்து மாத்திரையக் கையில திணிச்சு அனுப்பிச்சேன். நாடி கூடப் புடிக்கல. அவ சிரிச்சுக்கிட்டே போயிட்டா, அவளுக்கு மொகமே அப்படி.

பெரியமுத்து கேட்டானா? மிசின்ல கோளாறு தெரிஞ்சா மொதல்ல ஓட்டத்த நிறுத்தணுமாம். பூமாரிய கொழுந்தெடுக்கப் போவக்கூடாதுன்னுட்டான். நடக்கவும் கூடாதாம். காலையில அவள முதுகுல தூக்கிக்கிட்டு தண்ணிக் கொழாய்க்குப் போவான். வரிசையில கொடத்தோட நிக்கிற பொம்பளைக எல்லாம் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிப்பாளுக. காலையிலயும் சாயங்காலமும் ஒரு கரண்டி நல்லெண்ணெய். எதுக்குடான்னா, எண்ணெ விட்டா தேய்மானம் கொறையுமாம். பூமாரி அந்த எண்ணெயக் கொண்டு போயி வாசல்ல இருந்த ரோசாச் செடியில ஊத்திக்கிட்டு இருந்தா. அந்தச் செடி ஒரு மாசத்துல பட்டுப்போச்சு.

இதுக்கு நடுவுல தங்கச்சியையும் சோதிக்கணும்னு ஆசை வந்துச்சு அவனுக்கு. பொண்டாட்டின்னா நெஞ்சுல வைக்கலாம், கூடப்பொறந்தவ நெஞ்சுல ஒருத்தன் வைப்பானா? மொறன்னு ஒண்ணு இருக்குல்ல. அவளத் திரும்பி உக்காரச் சொல்லி, முதுகுல சேலைக்கு மேல ஒரு துண்டப் போட்டு, துண்டுக்கு மேல வச்சுக் கேட்டான். ஒரு சத்தமும் இல்ல. துண்டும் சேலையும் ரவிக்கையும் தாண்டி என்னத்தக் கேக்கும்? எந்திரிச்சு நின்னு லயத்துக்கே கேக்கிறாப்ல சொன்னான்: "மிசின்னா இதான் மிசினு! பொட்டி பிரிச்ச புது ரோலரு மாதிரி இருக்கா என் தங்கச்சி."

அழகுத்தாய்க்கு ஒரே பெருமை. அண்ணன் வாயால கேட்டாச்சு, நர்ஸம்மாவும் போன்னு சொல்லியாச்சு. அதுக்குப் பொறவு யாருகிட்டப் போயி அவ என்ன சொல்லுவா? கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறிட்டா.

ஒரு ஞாயித்துக்கெழம, பகல் பதினோரு மணி இருக்கும். லயத்துல சண்டை, சீக்கிரம் வாங்கன்னு ஆள் வந்துச்சு. போயிப் பாத்தா பெரியமுத்து வீட்டு வாசல்ல கூட்டம். உள்ள, செவுத்தோரமா ஒரு பலகைய சாய்ச்சு நிறுத்தி, அடியில செங்கல்லு அடுக்கி, பின்னாடி ரெண்டு சாக்கு அண்டக் குடுத்து வச்சிருக்கான். பலகை மேல ரசமட்டம் வச்சு சாய்மானம் சரியா இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கான். இடுப்புல கைய வச்சுக்கிட்டு பூமாரி நிக்கா.

"நர்ஸம்மா, நீங்களே கேளுங்க! ஒம்பது நாளா என்ன இந்தப் பலகையில சாய்ச்சு வச்சே தூங்கச் சொல்லுதாரு. மிசின மட்டமாப் போட்டா எண்ணெ ஒரு பக்கமா தேங்கிருமாம். எனக்குக் கழுத்து ஒடிஞ்சு போச்சு. நான் பாயில படுத்தா நிம்மதியா தூங்குவேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னக் கட்டையப் போட்டாப்ல படுக்க விடச் சொல்லுங்க. இல்ல, இந்தப் பலகையாலேயே ஒரு போடு போட்டுட்டு எங்கம்மா ஊருக்குப் போயிருவேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அப்பத்தான் அழகுத்தாய் அடுத்த வீட்டுலேர்ந்து வந்து நடைப்படியில உக்காந்தா. பத்து எட்டு நடந்து வந்ததுக்கு வாயத் தொறந்து மூச்சு வாங்குதா. வாங்கிக்கிட்டே சிரிக்கா.

"இதுக்குப் போயி என்ன மைனி இம்புட்டுச் சத்தம்? நான் ரெண்டு மாசமா உக்காந்துதான் தூங்குதேன். அரிசிப் பொட்டியில சாஞ்சுக்கிருவேன். படுத்தா தண்ணியில முக்கிப் புடிச்சாப்ல இருக்கு."

கூட்டம் இன்னும் சிரிச்சுச்சு. "அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி"ன்னு எவளோ சொன்னா.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. சேசு மரி சூசை! மேடு ஏறினா மூச்சு வாங்கறது புள்ள செய்யுற வேல. படுத்தா மூச்சு முட்டுறது புள்ள செய்யுற வேல இல்ல. இது எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன், பரீட்சை எழுதிப் பாஸாயிருக்கேன். தெரிஞ்சுக்கிட்டே நான் அவகிட்ட நீ எப்படிப் படுக்கன்னு ஒரு வார்த்த கேக்கல.

போயி அவ பக்கத்துல உக்காந்து நாடியப் புடிச்சேன். ஓட்டம்னா ஓட்டம், எண்ண முடியல. காலு பாதத்தோட நிக்கல, முழங்கால் வரைக்கும் வீக்கம், வெரல வச்சு அமுக்கினா குழி விழுந்து அப்படியே நிக்குது.

"இருமல் இருக்காட்டி?"

"கொஞ்சம் இருக்கு நர்ஸம்மா."

"சளி வருதா?"

குருசாமி தூணோரமா நின்னவன், அந்த மாசத்துக்கான பேச்சையும் சேத்துப் பேசினான். "சளி செவப்பா வருது நர்ஸம்மா. வெத்தலதான்னு நெனச்சேன்."

கூட்டத்துல ஒருத்தி, "எங்களுக்கும் செவப்பாத்தான் வரும், நாங்க எல்லாம் வெத்தல போடலியாக்கும்"னு கிண்டலடிச்சா. அதுல என்ன தப்பு? எஸ்டேட்ல மழைக்கும் குளிருக்கும் வெத்தல போடாத பொம்பளை யாரு? செவப்பாத் துப்புனா யாரு திரும்பிப் பாப்பா?

"கடைசியா எப்பட்டி வெத்தல போட்ட?"

அழகுத்தாய் யோசிச்சா. "அது ஆச்சு நர்ஸம்மா நாலு மாசம். மசக்கையில அந்த வாடையே ஆகலன்னு விட்டுட்டேன்."

அதச் சொன்ன பொறவுதான் அவளுக்கே என்ன சொன்னோம்னு புரிஞ்சுது. அவ புருசன் மொகத்தப் பாத்தா. பெரியமுத்து ரசமட்டத்தக் கீழ வச்சிட்டு எந்திரிச்சான்.

சின்ன வயசுல ஏதும் காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டேன். அதுக்குப் பெரியமுத்துதான் பதில் சொன்னான். பத்து வயசுல அவளுக்கு முழங்காலும் முழங்கையும் மாத்தி மாத்தி வீங்கி, ஒரு மாசம் காய்ச்சல்ல கெடந்தாளாம். அவந்தான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சானாம். மூட்டுல வந்துட்டுப் போற அந்தக் காய்ச்சல் இருதயத்த ஒரு கடி கடிச்சுட்டுத்தான் போகும். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

புதன்கெழம வரைக்கும் காத்துக் கெடக்க முடியுமா? பாக்டரியிலேர்ந்து போன் போட்டு, வாய்க்கு வந்தபடி கத்தி, டாக்டர மத்தியானத்துக்குள்ள வரவழைச்சேன். மலையாளத்துக்காரரு, நல்ல மனுசன், சோத்துக் கையோட கெளம்பி வந்தேன்னாரு. அழகுத்தாயத் தலைமாட்ட உசத்தி உக்கார வச்சிருந்தேன். ரெண்டு பேரையும் பாக்கணும்னு பெரியமுத்து அவரு கையப் புடிச்சுக் கெஞ்சினான். டாக்டரு சொன்ன ஊசிய அழகுத்தாய்க்கு நான் ஏத்துற நேரத்துல பூமாரி நெஞ்சுல கொழாய வச்சாரு.

"எடோ, இவன் பறஞ்சது நேரு தன்னெ. சத்தம் உண்டு"ன்னாரு, அவன் சொன்னது நெசந்தானாம். பெரியமுத்துக்கு மொகம் செத்துப்போச்சு. டாக்டரு சிரிச்சாரு. "பள்ளிவாசல் பவர் ஹவுஸுக்கு மலையிலேர்ந்து பெரிய கொழாய் எறங்குதே, பாத்திருக்கியா? தண்ணி கூடுதலா விட்டா என்ன ஆகும்?"

"உஸ்ஸுனு எரையும் சார்."

"அப்ப கொழாய் கேடா?"

"இல்ல சார். தண்ணி கூடுதல்."

"இவளுக்கு ரத்தம் கூடுதல். கொழாய் நல்ல கொழாய். மட்டமாப் படுத்துத் தூங்குறா, நாடி ஒழுங்கா இருக்கு, சளி இல்ல, நெஞ்சு வலி இல்ல, மயக்கம் இல்ல. பிரசவம் முடிஞ்சா இந்தச் சத்தமும் போயிரும். சாரமில்லா, பயப்பட ஒண்ணும் இல்ல." இதச் சொல்லி முடிச்சதும் பூமாரி புருசன ஒரு பார்வை பாத்தா. அந்தப் பலகைக்கு அன்னைக்கோட ஆயுசு முடிஞ்சுது.

பொறவு அழகுத்தாய்கிட்ட வந்தாரு. உக்கார வச்சுக் கேட்டாரு. எடது பக்கமா கொஞ்சம் ஒருக்களிச்சு சாயச் சொல்லி, கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டாரு. சிரிப்பு போயிருச்சு. இருதயத்துல ஒரு கதவு இறுகிப்போயி ஒட்டிக் கெடக்குன்னும், ரத்தம் போக வழியில்லாம நெஞ்சுல தண்ணி கோக்குதுன்னும், கோட்டயத்துக்கு இன்னைக்கே கொண்டு போகணும்னும் சொன்னாரு.

"நான் கேட்டேனே சார்"னான் பெரியமுத்து. "ஒரு சத்தமும் இல்லையே. புது மிசினு மாதிரி..."

"முதுகுல வச்சா எப்படிக் கேக்கும்? இது ரொம்பத் தாழ்ந்த சத்தம். எனக்கே இவள ஒருக்களிக்க வச்ச பொறவுதான் கேட்டுது."

ஜீப்புல நானும் போனேன். முன்னாடி சூசையப்பனும் குருசாமியும். பின்னாடி அழகுத்தாய சாய்ச்சு உக்கார வைக்க தலகாணி பத்தல. பெரியமுத்து அவளுக்குப் பின்னாடி ஏறி உக்காந்து, நெஞ்சோட அவளச் சாய்ச்சுக்கிட்டான். அடிமாலி, நேரியமங்கலம், வளைவுக்கு வளைவு ஜீப்பு எங்கெல்லாமோ கடகடங்குது. வழக்கமா பெரியமுத்து எந்த நட்டு லூசுன்னு சொல்லிச் சொல்லி சூசையப்பன் உசுர எடுத்துருவான். அன்னைக்குத் தங்கச்சி மூச்ச மட்டுந்தான் கேட்டுக்கிட்டு வந்தான். நேரியமங்கலம் பாலம் தாண்டினதும் மெதுவா சொன்னான்.

"நான் நல்லா இருக்கான்னு சொல்லிட்டேனே நர்ஸம்மா. ஊருக்கே கேக்கச் சொன்னேனே."

"நானுந்தான் போன்னு சொன்னேன்"னேன். எனக்கும் அழுகையா வந்துச்சு. "நீ ஃபிட்டரு. நான் நர்ஸு. எது பெரிய தப்புன்னு நீயே சொல்லு."

அழகுத்தாய் கண்ண மூடிக்கிட்டே, "ரெண்டு பேரும் சும்மா வாங்க. எனக்கு மூச்சு முட்டுதுல்ல"ன்னா.

அங்க மருந்து குடுத்து நெஞ்சுத் தண்ணிய வடிச்சாக. பொறவு இன்னொரு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்க ஒரு டாக்டரு இருதயத்துக்குள்ள வெரல விட்டு அந்தக் கதவ வெலக்கி விட்டாராம். வயித்துல புள்ள இருக்க இருக்கவே! நான் நம்ப மாட்டேன்னு குருசாமி தன் வெரலயே நீட்டிக் காமிச்சான். பொறவு ரெண்டு பேருக்கும் புள்ள சுகமாப் பொறந்துச்சு, பூமாரிக்கு நம்ம டிஸ்பென்சரியில, அழகுத்தாய்க்குக் கோட்டயத்துல. பெரியமுத்து அதுக்கப்பறம் மனுசர் மேல ஸ்குரூடிரைவர வைக்கவே இல்ல. நான் ரிட்டயர் ஆற வரைக்கும் எந்தப் புள்ளத்தாச்சி வந்தாலும், பேரு கேக்கறதுக்கு முன்னாடி எப்படிப் படுக்கன்னுதான் கேட்டேன். என்னப் பாத்துச் சிரிச்சவளுக ரொம்பப் பேரு. சிரிச்சா சிரிக்கட்டும்.

நான் சொல்ல வந்தது, நெஞ்சுல தையலோட அவ எஸ்டேட்டுக்குத் திரும்பி வந்த அன்னைக்கு நடந்தது. ஏழாம் மாசம் அவளுக்கு. காலையில ஜீப்புல வந்து எறங்கிட்டா. மத்தியானம் ரெண்டு மணிக்கு பாக்டரியில சங்கு ஊதணும். ஊதல. மலையில கொழுந்தெடுக்கிறவங்க சாப்பாட்டுலேர்ந்து எந்திரிக்கவே இல்ல. கங்காணி கத்துதான், எவளும் அசையல, சங்கு ஊதட்டும்ங்காளுக. டீமேக்கர் தலையில அடிச்சுக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தாரு. பெரியமுத்து சங்கோட வால்வக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டு லயத்துக்குப் போயிட்டானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான் நர்ஸம்மான்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இவனுக்கு மறுபடியும் முத்திப்போச்சுன்னு சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு லயத்துக்குப் போனேன். தங்கச்சி வீட்டு நடையில பெரியமுத்து உக்காந்திருக்கான். கையில ஒரு குச்சி, வார நாயி, கோழி, புள்ளைக எல்லாத்தையும் சத்தமில்லாம வெரட்டுதான். நான் வாயத் தொறக்குமுன்ன வெரல ஒதட்டுல வச்சான். அவன் கண்ணுலேர்ந்து தண்ணி பாட்டுக்கு வழியுது.

"அழகு படுத்திருக்கா நர்ஸம்மா"ன்னான்.

உள்ள எட்டிப் பாத்தேன். அரிசிப் பொட்டிக்கு ரொம்ப தள்ளி, நடு வீட்டுல பாயி விரிச்சு, தலகாணி கூட இல்லாம தரையோட தரையா ஒருக்களிச்சுப் படுத்து, வாயத் தொறந்து கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தா. கத்த வந்த நான் அவன் பக்கத்துல உக்காந்து, அந்தக் குச்சிய வாங்கி கோழிய வெரட்ட ஆரம்பிச்சேன்.